கண்ணு காலுக்கு, காது பந்துக்கு

பாத்தீங்களா டாக்டரம்மா? ஒண்ணு கூட விடலையே! நீங்க சத்தம் விட விட நான் பொத்தான அமுக்கிட்டேன். பதினாலுக்குப் பதினாலு. என்னது, பன்னெண்டா? சரி, பன்னெண்டுக்குப் பன்னெண்டு. நான் எண்ணல, உங்க கணக்குத்தான் கணக்கு. எனக்குப் பாம்புக் காதுன்னு எங்க ஆளுங்க எல்லாம் சொல்லுவாங்க. அப்ப கையெழுத்தப் போட்டுருங்க, நான் கிளம்பறேன்.

இன்னொண்ணு பாக்கியா? ஓ, வார்த்தை டெஸ்ட்டு. தெரியும், தெரியும், போன வருஷமும் பண்ணாங்களே. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும், நான் கிளிப்பிள்ளையாட்டம் திருப்பிச் சொல்லணும். பண்ணிரலாம். என்ன அவசரம், வெளிய யாரும் காத்துக்கிட்டு இல்லையே. நான் வந்தப்ப நாற்காலி எல்லாம் காலியாத்தான் கிடந்துச்சு.

கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்களேன். நமக்கு நடுவுல இருக்கற இந்தக் கண்ணாடியில உங்க தலைக்கு மேல இருக்கற லைட்டு அடிக்குது. ஆங், அப்படித்தான். இப்ப மூஞ்சி தெரியுது. பேசறவங்க மூஞ்சியப் பாத்துப் பேசுனாத்தானே மரியாதை? எங்க நெப்ராஸ்கா பக்கம் அப்படித்தான் வளத்தாங்க. மிஸ்டர் ஹஸ்கின்ஸ் எல்லாம் வேணாம், டெல்மர்னே கூப்பிடுங்க.

இது என்னம்மா இது, ரூமா, கூண்டா? செவுரெல்லாம் பஞ்சு, கதவு ஒரு சாண் கனம். உள்பக்கம் கைப்பிடியே காணோமே! சும்மாதான் கேட்டேன். பயமெல்லாம் இல்ல. நாப்பதாயிரம் பேரு என் அம்மாவ இழுத்து வச்சு ஏசும்போது நடுவுல கல்லு மாதிரி நின்னவன் நான். ஆனா இங்க நம்ம மூச்சே நமக்குக் கேக்காது போலிருக்கு. சரி, அத விடுங்க.

ஏன் அனுப்புனாங்களா? அந்தத் தாள்லயே எழுதியிருக்குமே. பேஸ்பால் லீக்குக்காரங்க வருஷா வருஷம் அம்பயருங்க எங்களத் தட்டிக் கொட்டிப் பாப்பாங்க. கண்ணு, முட்டி, ரத்த அழுத்தம். சந்தையில மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாப்பாங்கல்ல, அந்த மாதிரி. இந்த வருஷம் எனக்கு மட்டும் காதுக்குத் தனியா ஒரு தாள் அனுப்பியிருக்கான். நீங்க அதுல கையெழுத்துப் போட்டா ஏப்ரல்ல நான் மைதானத்துல இறங்குவேன். போடலன்னா முப்பத்தொரு வருஷத் தொழில் இந்த நாற்காலியோட சரி. அவ்வளவுதான் விஷயம். போன வருஷம் உங்க எடத்துல இருந்தவரு ரொம்ப நல்ல மனுஷன். பேஸ்பால் பைத்தியம். டெஸ்ட்டு பாதி, அரட்டை பாதி, போயிட்டு வாங்க டெல்மர்னு அனுப்பிட்டாரு.

நீங்க பாத்ததே இல்லையா? அரிசோனாவுல இருந்துக்கிட்டு? அடப் பாவமே! சொந்த ஊரு எது, கயானாவா? ஓ, அப்ப கிரிக்கெட்டு. அப்பா உக்காந்து பாப்பாரா? ஒரே ஆட்டம், எத்தன நாளு? அஞ்சு நாளா! அடேங்கப்பா, அஞ்சு நாளு வெயில்ல நின்னு தீர்ப்புச் சொல்றவன் காலக் கழுவித் தண்ணி குடிக்கலாம். அங்கயும் மேல டிவியப் பாத்துச் சொல்றவன் ஒருத்தன் இருக்கானா? அப்ப நான் சொல்றது உங்களுக்கு நல்லாவே புரியும்.

பந்த அடிச்சவன் ஓடணும். தொண்ணூறு அடியில முதல் பேஸ்னு ஒண்ணு, தரையோட தரையா ஒரு வெள்ளப் பை. அங்க எதிராளி ஒருத்தன் ஒரு காலப் பையில வச்சுக்கிட்டு, கிளவுஸ நீட்டிக்கிட்டு நிப்பான். பந்து அவன் கிளவுஸ்ல முதல்ல விழுந்தா ஓடி வர்றவன் அவுட்டு. இவன் காலு பையில முதல்ல பட்டா சேஃபு. கேக்கறதுக்குச் சின்னப்புள்ள விளையாட்டு மாதிரி இருக்குல்ல? இப்ப நீங்களே சொல்லுங்க. காலு கீழ, கிளவுஸ் எங்கயோ மேல. ரெண்டையும் ஒரே நேரத்துல எந்தக் கண்ணு பாக்கும்? பாக்கவே முடியாது. அதனால எங்க தொழில்ல ஒரே ஒரு பாடந்தான். கண்ணு காலுக்கு, காது பந்துக்கு. பையவே முறைச்சுக்கிட்டு நிக்கணும். பந்து கிளவுஸ்ல டப்புன்னு விழுமே, அத காது பிடிக்கணும். டப்பு முந்துனா கைய மடக்கு, காலு முந்துனா கைய விரி. வயசுல நான் அந்தச் சத்தத்த வச்சே சொல்லுவேன், பந்து உள்ளங்கையில விழுந்துச்சா, விரல் நுனியில தொத்திக்கிட்டு நிக்குதான்னு.

ஆமா, அதான் காது டெஸ்ட்டு. டக்குனு பிடிச்சுட்டீங்களே.

ரீப்ளே வந்தப்ப எங்க ஆளுங்க எப்படிப் பொலம்புனாங்க தெரியுமா? நாம என்ன தலையாட்டி பொம்மையா, நியூயார்க்ல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு ஒருத்தன் பன்னெண்டு கேமராவுல பாப்பானாம், நாம ஊரு முன்னாடி ஹெட்போன மாட்டிக்கிட்டு, டீச்சர் முன்னாடி கை கட்டி நிக்கற மாதிரி நிக்கணுமாம். ஒண்ணா நிக்கற எங்க நாலு அம்பயருக்கும் தலைவரு கிளெம். அவருக்குத்தான் கோவம் அதிகம். நான் மட்டும் பொலம்பல. நிசமாச் சொல்றேன், எனக்கு ரீப்ளேன்னா ரொம்பப் பிடிக்கும். தப்பாச் சொன்னாலும் அவன் திருத்திருவான் பாருங்க. பாரம் பாதி இறங்கின மாதிரி இருந்துச்சு.

ஹெட்போன்லயா? அந்த நியூயார்க்காரன் பேசறது யாருக்கு ஒழுங்காக் கேக்கும்? கொரகொரன்னு தகர டப்பாவுக்குள்ள பேசற மாதிரி இருக்கும். நான் கிளெம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிப்பேன். அவரு வாயி சுளிச்சா தீர்ப்பு மாறுச்சுன்னு அர்த்தம். அவரு என்ன சைகை காட்டுறாரோ அதத்தான் நானும் காட்டுவேன்.

இல்லம்மா, வீட்டுல ஒண்ணும் கஷ்டம் இல்ல. நோரீன்தான், என் பொண்டாட்டி, டிவிய ஏன் இப்படி அலற விடற, தெருமுனை வரைக்கும் கேக்குதுன்னு கத்துவா. அவளுக்குக் காது ரொம்பக் கூர்மை. கூப்பிட்டா திரும்பறது இல்லன்னு ஒரு புகாரு. முப்பது வருஷம் கட்டிக் குப்ப கொட்டுனவன் எவன் கூப்பிட்ட உடனே திரும்புவான், சொல்லுங்க? சிரிக்கிறீங்க பாருங்க!

மெஷினா? காதுல மாட்டறதா? ஐயய்யோ, அந்தப் பேச்ச எடுக்காதீங்க. இப்பவே கூட்டத்துல இருக்கறவன் ஆட்டத்துக்கு ஆட்டம் குருடா குருடாங்கறான். காதுல மெஷினோட போயி நின்னா செவிடான்னும் சேத்துக்குவான். ஒரு ஆளுக்கு எத்தன பட்டந்தான் குடுப்பாங்க. அதுவும் இல்லாம, மாட்டுனவன லீக்கு வச்சுக்குமா என்னன்னு எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்ல. கேட்டா, ஏன் கேக்கறன்னு கேப்பான்ல?

நாங்க நாலு பேரு முறை வச்சு நிப்போம். நாலு ஆட்டத்துக்கு ஒரு தடவ முதல் பேஸ் எனக்கு. முன்னாடியெல்லாம் அந்த நாளுக்குக் காத்துக்கிட்டு இருப்பேன். இப்ப அன்னிக்குக் காலையில இருந்தே சோறு தண்ணி இறங்காது. எவனாவது பந்த எதிர்ப் பக்கத்து மூணாவது பேஸ் பக்கம் உருட்டி விட்டான்னா, கடவுளே, இவன் பத்தடி முன்னாடியே அவுட் ஆயிரணும், இல்ல பத்தடி முன்னாடியே சேஃபா வந்துரணும்னு வேண்டிக்குவேன். நடுவுல மட்டும் வேணாம்.

போன வருஷம் முதல் பேஸ்ல என் தீர்ப்ப எதுத்து இருபத்தாறு தடவ ரீப்ளே கேட்டாங்க. பத்தொம்பது மாறிப் போச்சு. ஆமா, பத்தொம்பது. பாக்கி பேஸ்ல எல்லாம் நான் தங்கம், நம்பலன்னா எடுத்துப் பாருங்க. அந்த நம்பரப் பாத்துட்டுத்தான் இந்தத் தாள அனுப்பியிருக்கான். வயசாச்சு டெல்மர், காது ஒருக்கா காட்டிக்கோன்னு போன்ல சொன்னான். நோரீன்தான் எடுத்துப் பேசுனா. போன நான் அவகிட்டத்தான் குடுப்பேன், எனக்கு போன்ல பேசப் பிடிக்காது.

பத்தொம்பது பத்திக் கவலையே இல்லம்மா. அது திருத்துன கணக்கு. ஓடுனவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைச்சுருச்சு, எனக்கு மட்டும் மூஞ்சியில கரி. கழுவுனாப் போச்சு. திருத்தாதது ஒண்ணு இருக்கு. அதுதான்.

சொல்லலாம்... சொன்னா உங்களுக்குப் புரியுமா? சரி, கேளுங்க.

போன ஜூலை. ஒஹாயோவுல ஒரு ஆட்டம். வெண்டல் ப்ரூயிட்னு ஒருத்தன். முப்பத்திரெண்டு வயசு. பதினோரு வருஷம் சின்ன லீக்குலயே ஊரு ஊரா பஸ்ஸுல உருண்டவன். பெரிய லீக்குல ஒரு நாளு கூட ஆடல. அவங்க டீம்ல ஒருத்தன் விரல ஒடச்சுக்கிட்டான், ஆளு இல்ல, இவனக் கூப்பிட்டாங்க. காலையில விமானத்துல வந்து இறங்கறான், மத்தியானம் சட்டையப் போட்டு உக்கார வைக்கறாங்க. ஆறாவது இன்னிங்ஸ்ல, போடா, போயி அடின்னு அனுப்பறான் மேனேஜரு. வாழ்க்கையில முதல் தடவ. முதல் பேஸ்ல இருந்தே நான் பாத்தேன், மட்டைய மாத்தி மாத்திப் பிடிக்கறான்.

அடிச்சான். பெருசா ஒண்ணும் இல்ல, மொக்க அடி, மூணாவது பேஸ் பக்கம் உருண்டு போகுது. ஆனா ஓடுனான் பாருங்க! தடிச்ச காலு, ஒடம்பு கனம், ஓடறவனே இல்ல அவன். நாயி துரத்துற மாதிரி ஓடி வர்றான். அங்க நின்னவன் பந்த எடுத்து முதல் பேஸுக்கு வீசறான். நான் பையில கண்ண வச்சுக்கிட்டு நிக்கறேன். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு நிக்கறேன். முப்பதாயிரம் பேரு எந்திரிச்சு நின்னு கத்தறான், காது கிழியுது, அந்த இரைச்சல்ல எவனுக்குத்தான் டப்பு கேக்கும்? காலு பையில விழுந்தது தெரியுது. பந்து வந்துச்சா, வரலையா? கைய மடக்கிட்டேன். அவுட்டு.

எதுக்கு அவுட்டா? ஏதாவது ஒண்ணு சொல்லித்தானே ஆகணும்மா. யோசிச்சுட்டு நின்னா அதுவே அசிங்கம். அதுவுமில்லாம நியூயார்க்கு இருக்குல்ல, தப்புன்னா திருத்திருவான். அப்படித்தான் நெனச்சேன்.

மேனேஜரப் பாக்கறேன். ரீப்ளே கேட்டுக் கையத் தூக்கல. தொப்பியக் கழட்டித் தரையில அடிக்கறான். அப்பத்தான் எனக்கு உறைக்குது. ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவதான் எதுத்துக் கேக்கலாம். கேட்டுத் தோத்தா அதோட போச்சு. இந்த மடையன் ரெண்டாவது இன்னிங்ஸ்லயே வேற எதுக்கோ கேட்டுத் தோத்துட்டான். எட்டாவது இன்னிங்ஸ்ல இருந்துதான் எங்க தலைவரே கேக்கலாம், அப்படின்னா கிளெம்மே நியூயார்க்கக் கூப்பிட்டிருப்பாரு. இது ஆறாவது. எல்லாக் கதவும் சாத்தியாச்சு.

ஒண்ணு மட்டும் திறந்திருந்துச்சு. கிளெம் பந்து அடிக்கற பக்கம் நின்னவரு, ஓடி வர்றவனுக்குப் பின்னாடியே பாதி தூரம் வந்துட்டாரு. அங்கிருந்து அவருக்கு எல்லாம் நல்லாத் தெரிஞ்சுச்சு. என்னப் பாத்துப் புருவத்தத் தூக்குனாரு. எங்களுக்குள்ள ஒரு வழக்கம் இருக்குதும்மா. இன்னொருத்தன் சொன்ன தீர்ப்புல நாங்க வாய வைக்க மாட்டோம். சொன்னவனே கிட்ட வந்து, நீங்க என்ன பாத்தீங்கன்னு கேட்டாத்தான் சொல்லுவோம். உசுரே போனாலும் அவனாக் கேக்காம சொல்ல மாட்டோம். நான் நாலு எட்டு நடந்து கேட்டிருக்கலாம். அவரு சேஃபுன்னு சொல்லியிருப்பாரு, கைய விரிச்சிருப்பேன், முடிஞ்சுது.

கேக்கல. குனிஞ்சு கால்சட்டையில இருந்த மண்ணத் தட்டிக்கிட்டேன்.

ஏன்னா... கேட்டா அவரு என்னக் கேப்பாருல்ல? ஏண்டா, பந்து விழுந்தது உனக்குக் கேக்கலையான்னு. இல்லம்மா, நான் சொல்றது, அந்த இரைச்சல்ல.

மறுநாளு வெண்டலத் திருப்பி அனுப்பிட்டாங்க. புது ஆளு வந்துட்டான். ஆகஸ்டுல சின்ன லீக்குலயும் வேணாம்னுட்டாங்க. இப்ப இண்டியானாவுல ஒரு பள்ளிக்கூடத்துல பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறானாம். ரெக்கார்டுல அவன் பேருக்கு நேரா போட்டிருக்கு, ஒரு முறை அடிக்க வந்தான், பூஜ்யம். அது கல்லுல வெட்டுனது, இனி எந்தக் கொம்பனும் மாத்த முடியாது. மாத்தச் சொல்லிக் கேக்கக் கூட ஒரு எடம் கிடையாது. முக்கா அடிம்மா. முக்கா அடி முன்னாடி இருந்துச்சு அவன் காலு. டிவியில எத்தன தடவ போட்டுப் பாத்திருப்பேன்.

கோவமா? அதான் கொடும. அவன் ஒண்ணும் கத்தல. பையத் தாண்டி ஓடி, திரும்பி நடந்து என்னக் கடந்து போறப்ப ஏதோ சொல்லிட்டுத்தான் போனான். ஹெல்மெட்டக் கழட்டி மூஞ்சி வேர்வையத் தொடச்சுக்கிட்டே.

என்ன சொன்னானா? அது... மறந்துட்டேம்மா. நல்ல பையன், நல்லதாத்தான் சொல்லியிருப்பான். விடுங்க.

சரி சரி, டெஸ்ட்டு. நான்தான் வள வளன்னு பேசி உங்க நேரத்த வீணாக்கறேன். தயாருதான். ஹெட்போன் சரியாத்தான் இருக்கு. ஆரம்பிங்க.

என்னம்மா அது, கையில? தாளு எதுக்கு? ஏன் மூஞ்சிய மறைக்கறீங்க? வெக்கமா? போன வருஷம் அவரு இப்படியெல்லாம் பண்ணலையே. ஓ, முறையே அப்படித்தானா... சரி.

ம்.

கேக்குது, கேக்குது. ஐஸ்கிரீம்.

ம்... ஏரோப்ளேன்.

அடுத்தது, இருங்க... ஹாட்டாக். அதேதான், ஹாட்டாக். பாத்தீங்களா, சொன்னேன்ல, பாம்புக் காதுன்னு. இன்னும் எத்தன...

என்ன, தாள இறக்கிட்டீங்க? தப்பா? எது தப்பு? ஏரோப்ளேனா?

திருப்பிச் சொல்லுங்க. மெதுவா.

நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா? ஒரு வார்த்தை கூடச் சொல்லலையா?

ஓஹோ.

அப்ப ஒண்ணுமே சொல்லாததுக்கு மூணு பதில் சொல்லியிருக்கேன். போன வருஷத்து வார்த்தை அதெல்லாம். மனப்பாடம். மொதல்ல பன்னெண்டு தடவ பொத்தான அமுக்குனேனே, அதுவும் சத்தத்தக் கேட்டு இல்லம்மா. நீங்க பேசுனதெல்லாம் வாயசைவப் பாத்துத்தான் பிடிச்சேன். நீங்க சத்தம் விடறப்ப எல்லாம் உங்க வலது தோளு லேசா இறங்குது. நல்ல பொண்ணு நீங்க, அத மாத்திக்கோங்க. என்ன மாதிரி ஆளுங்க வருவாங்க.

அழல. வேர்வை. இந்தக் கூண்டுல காத்தே இல்ல.

அந்த ஒஹாயோ ஆட்டம்... முப்பதாயிரம் பேரெல்லாம் இல்ல. செவ்வாக்கிழம மத்தியானம், தூறல் வேற, பாதிப் பேரு கிளம்பிப் போயாச்சு. மைதானமே கம்முனு கிடந்துச்சு. வெண்டலோட பொண்டாட்டி ஒருத்திதான் எந்திரிச்சு நின்னு ஓடு ஓடுன்னு கத்துனா. அதக்கூட வீட்டுல டிவிய முழுசா அலற விட்டுப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். டப்பும் அதுல கேக்குது. காலுக்குப் பின்னாடிதான் விழுது. எத்தன தடவ போட்டுப் பாத்தாலும் பின்னாடிதான் விழுது. நோரீன் தெருமுனை வரைக்கும் கேக்குதுன்னு கத்தறது அந்த டப்புதான்.

ஆனா அவன் சொன்னது மட்டும் அதுல இல்லம்மா. கழட்டிக் கையில பிடிச்ச ஹெல்மெட்டு வாய மறைச்சுருச்சு. எல்லாப் பக்கத்துல இருந்தும் பாத்துட்டேன், மறைச்சுருச்சு. திட்டுனானா, பரவாயில்லன்னானா, பந்து வந்துச்சா சார்னு என்னத்தான் கேட்டானா. நான் தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டேன்.

எழுதிக்கோங்க. ரெண்டு காதும் போச்சு. அவன் சொன்னது எனக்குக் கேக்கல, நீங்க சொல்லாததும் எனக்குத் தெரியல. லீக்கு அனுப்புன தாள்ல என்ன போடணுமோ போடுங்க, நான் எதுத்துக் கேக்க மாட்டேன். எனக்குப் பயமா இருக்குதும்மா, ஆனா போடுங்க.

எந்திரிக்கவா? இல்ல, இருக்கச் சொல்றீங்களா? மறுபடியும் அந்தத் தாளு வாயிகிட்ட வருது பாருங்க. கொஞ்சம் கீழ இறக்கிட்டுச் சொல்லுங்க.